மூன்றாம் அத்தியாயம்: மெம்பிஸ் நகரத்துச் சிறு தட்டுகள்

சோல் இசையின் பழைய தட்டுகளைச் சேகரிக்கப் புகுகிறவர் முதற்காரியமாக ஓர் ஊரைத் தேர்ந்துகொள்வது நலம். ஒரு பாடகரைத் தேர்ந்துகொண்டால் ஆகாதா என்று சிலர் கேட்கக்கூடும். ஆகாதென்பதில்லை, ஆயினும் பாடகர் என்பவர் கம்பெனி விட்டுக் கம்பெனி மாறுகிறவர், இன்று ஒரு பக்கவாத்தியக் கோஷ்டியோடும் நாளை வேறொன்றோடும் பாடுகிறவர், ஆதலால் அவரைப் பின்தொடர்ந்து செல்லும் புதிய ரசிகருக்கு, எது பாடகரின் குணம், எது வாத்தியக்காரரின் குணம், எது ஒலிப்பதிவு அறையின் குணம் என்று பிரித்தறிவது கடினமாகிவிடும். ஊரைப் பிடித்துக்கொண்டால் இந்தச் சங்கடம் பெரும்பாலும் இல்லை.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஆலயங்களில் ஞாயிறுதோறும் முழங்கிய பக்திப் பாடல்முறை, 1954-ல் ரே சார்ல்ஸ் 'ஐ காட் எ உமன்' என்ற பாட்டைப் பதிவு செய்தபோதும், 1957-ல் அதுகாறும் ஆலயப் பாடகராகவே கீர்த்தி பெற்றிருந்த சாம் குக் 'யூ செண்ட் மீ' பாடி வெளியுலகத்துக்கு வந்தபோதும், இறைவனைப் பாடிய அதே கண்டத்தோடும் அதே கைத்தாளத்தோடும் மானிடக் காதலைப் பாடத் துணிந்தது; அதுவே சோல் இசை. பக்திமான்களுள் பலர் முகம் சுளித்தனர். பாட்டு நிற்கவில்லை, ஊர்தோறும் ஒவ்வொரு சாயல் பெற்று வளர்ந்தது. டெட்ராயிட்டில், பெர்ரி கோர்டி என்பவர் 1959-ல் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கித் தொடங்கிய மோடவுன் ஸ்தாபனம், மெருகும் ஒழுங்கும் மிக்க பாட்டுகளைத் தந்தது. சிகாகோ, பிலடெல்பியா, அலபாமா மாநிலத்தின் மஸில் ஷோல்ஸ் ஆகியவற்றுக்கும் தனித்தனிப் பெருமை உண்டு. எனினும் புதியவருக்கு நான் சிபாரிசு செய்வது டென்னஸி மாநிலத்து மெம்பிஸ் நகரமே. அங்கும் குறிப்பாக ஸ்டாக்ஸ் கம்பெனியின் தட்டுகளே.

காரணம் இது. ஜிம் ஸ்டூவர்ட் என்ற வங்கி குமாஸ்தா 1957-ல் சாட்டிலைட் என்ற பெயரில் ஆரம்பித்த சிறு கம்பெனிக்கு, அவருடைய தமக்கை எஸ்டெல் ஆக்ஸ்டன் அம்மையார் தம் வீட்டை அடமானம் வைத்துப் பதிவு இயந்திரம் வாங்கிக் கொடுத்தார். 1960-ல் அவர்கள் மக்லமோர் அவென்யூவில் மூடிக் கிடந்த ஒரு சினிமாக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, நாற்காலிகளைப் பெயர்த்தெறிந்து, திரையை நோக்கிச் சரிந்திருந்த தரையைச் சரிந்தபடியே விட்டு, ஒலிப்பதிவு நிலையமாக்கினர். கலிபோர்னியாவில் அதே பெயருடைய வேறொரு கம்பெனி இருந்தமையால், 1961-ல் தம்பி, தமக்கை இருவருடைய குடும்பப் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து ஸ்டாக்ஸ் என்று மாற்றிக்கொண்டனர். கொட்டகையில் முன்பு மிட்டாய் விற்ற இடத்தில் எஸ்டெல் அம்மையார் இசைத்தட்டுக் கடை நடத்தினார். உள்ளே பதிவான பாட்டை அங்கே போட்டுக் காட்டி, தட்டு வாங்க வந்த பேட்டைப் பிள்ளைகளின் கால் தானாக அசைகிறதா என்று பார்த்த பிறகே அதன் எதிர்காலத்தை நிர்ணயிப்பது அவர் வழக்கம். புக்கர் டி. ஜோன்ஸ் ஆர்கன், ஸ்டீவ் க்ராப்பர் கிட்டார், ஆல் ஜாக்ஸன் டிரம், முதலில் லூயி ஸ்டைன்பெர்க்கும் பிறகு டக் டன்னும் பேஸ் கிட்டார் என்று அமைந்த கோஷ்டி, கறுப்பரும் வெள்ளையரும் ஒரே சிற்றுண்டிச் சாலையில் சேர்ந்து உட்கார முடியாத அந்த நகரத்தில், அந்த ஒரே அறையில், பல ஆண்டுகள் பெரும்பாலான பாடகருக்கும் பக்கவாத்தியம் வாசித்தது. அறையும் கைகளும் மாறாமல் இருந்து குரல் மட்டும் மாறும்போது, குரலின் தன்மை எத்துணைத் தெளிவாகக் காதில் விழும் என்பதை வாசகரே ஊகிக்கலாம்.

இனி, எந்த வடிவத்தில் சேகரிப்பது என்ற பிரச்னை. பாட்டுக்கு ஒரு பக்கமாக இரண்டே பாட்டுகள் கொண்ட ஏழு அங்குலத் தட்டு, நிமிஷத்துக்கு 45 சுற்று சுழல்வது, 1949-ல் ஆர்.ஸி.ஏ. கம்பெனியார் அறிமுகம் செய்தது. சோல் இசை பிறந்ததும் வளர்ந்ததும் இத்தட்டில்தான். வானொலியிலும் காசு போட்டால் பாடும் பெட்டியிலும் ஒலித்தது இதுவே. பாடகரும் பதிவாளரும் இதை மனத்தில் வைத்தே பாட்டைச் செதுக்கினர். நீண்ட எல்.பி. தட்டு, அக்காலத்தில், வெற்றி பெற்ற சிறு தட்டுகளைப் பின்னால் கூட்டிக் கட்டிய மூட்டையாகவே பல சமயம் இருந்தது. மேலும் 1968 வரையில் சிறு தட்டுகள் பெரும்பாலும் மோனோ என்னும் ஒற்றைத் தடத்திலேயே வந்தன. இரட்டைத் தடமாகிய ஸ்டீரியோ பிரதி அதே பாட்டின் வேறொரு கலவையாகவும், சில வேளை வேறொரு பதிவாகவுமே இருக்கும்.

இங்கேதான் பழஞ்சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் பட்ட பாடும் பெற்ற இன்பமும் இசைத்தட்டு சேகரிப்பவருக்கும் வாய்க்கின்றன. பாடபேதம் பார்ப்பதே இக்கலையின் பாதி. உதாரணமாக, 1965-ல் வெளியான 'ஓட்டிஸ் புளூ' என்ற எல்.பி.யில், ஓட்டிஸ் ரெட்டிங் பாடிய 'ஐ'வ் பீன் லவிங் யூ டூ லாங்' மோனோ பிரதியில் ஒன்றாகவும் ஸ்டீரியோ பிரதியில் மற்றொன்றாகவும் இருக்கிறது. முன்னது அவ்வாண்டின் வசந்த காலத்தில் சிறு தட்டுக்காகப் பாடியது. பின்னது ஜூலை மாதத்தில் எல்.பி.க்காக மறுபடியும் பாடியது. 'கிரீன் ஆனியன்ஸ்' என்ற பிரசித்தி பெற்ற வாத்திய இசை, 1962-ல் முதலில் ஸ்டாக்ஸின் கிளை முத்திரையாகிய வோல்ட் 102-ஆம் எண்ணில், வேறொரு பாட்டின் பின்பக்கமாகத் தலைகாட்டி, மக்கள் பின்பக்கத்தையே விரும்பிய காரணத்தால் ஸ்டாக்ஸ் 127-ஆம் எண்ணில் முன்பக்கமாக மறுபிறவி எடுத்தது. எப்போதும் சிறு தட்டே உயர்ந்த பாடம் என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. சாம் குக்கின் 'எ சேஞ்ச் இஸ் கானா கம்' 1964-ன் தொடக்கத்தில் எல்.பி.யில் முழுமையாக வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அவர் மாண்ட பின் வெளியான சிறு தட்டிலோ, நிறவேற்றுமையின் நேர் அனுபவத்தைச் சொல்லும் சரணத்தை வெட்டிவிட்டார்கள். அந்தச் சரணம் இல்லாத பாட்டு, பாட்டாக மட்டும் மிஞ்சுகிறது. ஆகவே அவ்விடத்தில் எல்.பி.யையே வாங்குக.

மூலநாடா எங்கேனும் பத்திரமாக இருக்குமே, தட்டுக்கு ஏன் இவ்வளவு சிரத்தை என்று கேட்பவருக்கு ஒரு செய்தி. ஸ்டாக்ஸ் தட்டுகளை நாடெங்கும் விநியோகித்த அட்லாண்டிக் கம்பெனியின் நாடாக் கிடங்கு ஒன்று, 1978-ல் நியூ ஜெர்ஸியின் லாங் பிராஞ்ச் என்ற ஊரில் தீக்கிரையாயிற்று. ஆயிரக்கணக்கான நாடாக்கள் போயின. மூலம் போன இடத்தில் பிரதியே மூலமாகிவிடுகிறது.

தட்டைக் கையில் வாங்கியதும் செய்ய வேண்டிய பரீட்சைகள் சில. விளக்கடியில் தட்டைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகத் திருப்புக. நேர் வெளிச்சத்தில் கண்ணாடிபோல் தோன்றும் தட்டு, சாய்ந்த வெளிச்சத்தில் தன் சரித்திரத்தையெல்லாம் கக்கிவிடும். தலைமயிர் போன்ற மேற்கீறல் பெரும்பாலும் கேட்காது. நகம் தட்டுப்படும் கீறல் கட்டாயம் கேட்கும். கறுப்பு மங்கிச் சாம்பல் பூத்திருக்கும் பள்ளங்கள், கனத்த ஊசி உழுது தீர்த்தவை என்பதால் அவற்றுக்கு வைத்தியமே இல்லை. அடுத்து, தட்டு எந்தப் பொருளால் ஆனது என்று பார்க்க வேண்டும். அமெரிக்க ஆலைகள் சிறு தட்டுகளை வைனில் என்னும் பொருளில் அழுத்தியும், ஸ்டைரீன் என்னும் மலிவான பொருளில் வார்த்தும் செய்தன. விரலால் சுண்டினால் வைனில் மந்தமாகவும் ஸ்டைரீன் கணீரென்றும் ஒலிக்கும். வைனில் சற்று வளையும், ஸ்டைரீன் வளையாது, வற்புறுத்தினால் உடைந்துபோகும். ஆகையால் வளைத்துப் பார்த்துப் பரீட்சை செய்யும் சாமர்த்தியம் வேண்டாம். ஸ்டைரீன் தட்டில் நடுச்சீட்டு பல சமயம் மேலே ஒட்டியதாக இருக்கும். ஸ்டைரீன் தட்டு புதிதாக இருக்கையில் வைனிலுக்குச் சற்றும் இளைத்ததன்று. ஆனால் சீக்கிரம் தேயும். வானொலி நிலையத்திலிருந்து வந்த ஸ்டைரீன் பிரதியாயின், பாட்டின் தொடக்கத்தைத் தேடி அறிவிப்பாளர் முன்னும் பின்னும் சுழற்றிய இடத்தில் பொரியும் சத்தம் கேட்பது நிச்சயம்.

பிறகு, பாட்டு முடிந்து ஊசி ஓடி நிற்கும் வெற்றுப் பகுதியைப் பாருங்கள். அங்கே கையால் கீறியதோ முத்திரை குத்தியதோ ஆன எண்கள் இருக்கும். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து மோனார்க் ஆலையின் தட்டில் சிறு முக்கோணமும் அதையொட்டி ஓர் எண்ணும் காணும். அந்த எண் வரிசையைக் கொண்டு எந்த ஆண்டில் வார்த்தது என்று கணிப்பவர்கள் உண்டு. நியூயார்க்கின் பெல் சவுண்ட் நிலையத்தில் வெட்டியதாயின் அப்பெயரே குத்தியிருக்கும். போலித் தட்டுகள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இவ்விடத்தில்தான். நடுச்சீட்டைப் படம் பிடித்து அச்சிடுவது எளிது. ஆலையின் கையெழுத்தைப் பின்பற்றுவது அவ்வளவு எளிதன்று. எழுத்து சற்றே மங்கியிருந்து, எண் முரண்பட்டு, பாட்டுக்குள்ளேயே வேறொரு தட்டின் கீறல் சத்தம் பதிந்து கேட்குமானால், பணத்தைத் திரும்பக் கேட்கத் தயங்க வேண்டாம். ஸ்டாக்ஸைப் பொறுத்தவரையில் நடுச்சீட்டே ஒரு பஞ்சாங்கம்: இளநீல நிறத்தில் அடுக்கிய தட்டுகளின் படம் இருந்தால் 1968-க்கு முந்திய அட்லாண்டிக் காலம், மஞ்சளில் சொடுக்குப் போடும் விரல்கள் இருந்தால் பிந்திய காலம்.

வியாபாரிகள் தட்டின் நிலையைக் குறிக்கும் பரிபாஷையையும் தெரிந்துகொள்க. மின்ட், நியர் மின்ட், வி.ஜி. பிளஸ், வி.ஜி., குட் என்று அது படியிறங்கும். வி.ஜி. பிளஸ் பிரதி, நியர் மின்ட் பிரதியின் விலையில் ஏறக்குறைய பாதிக்குக் கிடைக்கும். கேட்பதற்காக வாங்குகிறவருக்கு அதுவே உசிதமான படி. குட் என்று குறித்த தட்டை, வேறு கதியில்லாத பாட்டுக்கு அன்றித் தொட வேண்டாம்.

பராமரிப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வடித்த நீரில் ஒரு துளி மிருதுவான சோப்புத் திரவம் கலந்து, நடுச்சீட்டு நனையாமல், பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, நிழலில் உலர்த்தினால் போதும். பழைய அரக்குத் தட்டு கலந்திருந்தால் அதன்மீது சாராயம் சேர்ந்த எந்தத் திரவமும் படக் கூடாது, அரக்கு கரைந்துவிடும். தட்டுகளை நிமிர்த்தியே அடுக்குக; படுக்கவைத்தால் பாரத்தால் வளையும். அமெரிக்கச் சிறு தட்டின் நடுத்துளை ஒன்றரை அங்குல அகலமாதலால் அதற்குரிய நடுவில்லை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஒலிபெருக்கியில் மோனோ விசை இருந்தால் மறவாமல் திருப்புக. பள்ளத்தின் மேலுங்கீழுமான அதிர்வில் பிறக்கும் இரைச்சல் அடங்கி, பாட்டு ஒரு படி முன்னே வந்து நிற்கும்.

அரிய தட்டு என்ற மயக்கத்தைப் பற்றி எச்சரிக்காமல் இந்த அத்தியாயத்தை நடத்த முடியாது. இங்கிலாந்தின் வடபகுதி ஆலைத்தொழில் நகரங்களில், 1970-களில், அமெரிக்காவிலேயே விலைபோகாமல் கிடந்த சோல் தட்டுகளைத் தேடிப்பிடித்து விடிய விடிய ஆடும் சம்பிரதாயம் ஒன்று தழைத்தது. 1973 முதல் 1981 வரை இரவெல்லாம் ஆட்டம் நடந்த விகன் கஸீனோ அதன் தலைமைப்பீடம். போட்டியாளர் அறிந்துகொள்ளாதபடி, தட்டைப் போடுகிறவர் நடுச்சீட்டின்மேல் காகிதம் ஒட்டி, பாடகருக்குப் பொய்ப்பெயரும் சூட்டிவிடுவார். ஃபிராங்க் வில்ஸன் என்பவர் 1965-ல் மோடவுனுக்காகப் பாடி, வெளிவராமலே நின்றுபோன தட்டு அங்கே எடி ஃபாஸ்டர் என்ற பெயரால் ஒலித்தது. மிஞ்சிய பிரதிகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. 2009-ல் அதில் ஒன்று 25,000 பவுனுக்கு மேல் விலைபோயிற்று. நல்ல பாட்டுதான், உற்சாகமான பாட்டுதான். ஆனால் அந்தப் பணத்தில் ஆயிரம் நல்ல தட்டுகளை வாங்கி ஆயுள் முழுவதும் கேட்கலாம் என்பது என் அபிப்பிராயம். மறந்த பாடகர்களை மீட்ட புண்ணியம் அந்த வடநாட்டு ரசிகர்களுக்கு உண்டு, அதை மறுப்பதற்கில்லை. விலையைக் கொண்டு பாட்டை மதிக்கும் பழக்கமும் அவர்களாலேயே ஓங்கியது.

சேகரித்ததை நாலு பேரோடு கூடிக் கேட்டுப் பேசாவிட்டால், அது பெட்டியில் பூட்டிய பொருள்தான். நண்பர் ஐவர் அறுவர் போதும். அதற்கு மேற்பட்டால் சபையாகிவிடும். ஒரு மாலைக்கு நான்கைந்து தட்டுகளுக்கு மேல் போட வேண்டாம். தட்டு சுழலும்போது பேசலாகாது என்பதும், விலையைப் பற்றிய பேச்சு காப்பி வரும் வரையில் கூடாது என்பதும் நான் வற்புறுத்தும் இரண்டு விதிகள். ஒரே பாட்டை மும்முறை போடுக: முதல் முறை குரலுக்காக, இரண்டாம் முறை டிரம்முக்காக, மூன்றாம் முறை பேஸுக்காக. மூன்றாம் முறையில்தான் முதல் முறை கேட்டது என்ன என்பது விளங்கத் தொடங்கும்.

பேச்சு எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு ஓட்டிஸ் ரெட்டிங் 1966-ல் பதிந்த 'டிரை எ லிட்டில் டெண்டர்னஸ்' நல்ல பாடம். இப்பாட்டு 1932-லேயே பிறந்தது. பிங் கிராஸ்பி உள்ளிட்டோர் அதைத் தாலாட்டும் குரலில் பாடிப் பழகிய பாட்டாக்கியிருந்தார்கள். முதலில் அந்தப் பழைய பதிவு ஒன்றைப் போட்டுவிட்டு, பிறகு இதைப் போடுங்கள். ஊதுவாத்தியங்கள் துயரமாகச் சில ஸ்வரங்களை ஊதி ஒதுங்க, ரெட்டிங் ஏறத்தாழப் பேசுவதுபோல் தொடங்குகிறார். டிரம் இல்லை. சிறிது நேரத்தில் ஆல் ஜாக்ஸன் டிரம்மின் விளிம்பில் குச்சியால் 'டிக் டிக்' என்று தட்டத் தொடங்குகிறார். பாட்டின் நடையைப் போல் இரட்டித்த காலம் அது. பாடகர் விளம்ப காலத்தில் நிற்க, விளிம்புத் தட்டு மட்டும் துரித காலத்தை முன்கூட்டியே அறிவித்துவிட்டது. இனி என்ன நேரப்போகிறது என்பது கேட்பவர் உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது, மனத்துக்குத் தெரியவில்லை. கிட்டார், ஆர்கன், ஊதுவாத்தியம் என ஒவ்வொன்றாக ஏறி, நான்கு நிமிஷம் நிரம்புமுன் சொற்கள் சிதறி, வெறும் அசைகளாகி, பாடகர் கூவிக்கொண்டிருக்கையிலேயே தட்டு ஓய்கிறது. மெதுவான பாட்டு எந்தக் கணத்தில் வேகமான பாட்டாயிற்று என்று நண்பர்களைக் கேளுங்கள். ஆளுக்கு ஓரிடத்தைக் காட்டுவார்கள். அதுவே நல்ல விவாதத்தின் ஆரம்பம்.

இதைப் போன்றே இணைத்துக் கேட்கத்தக்கவை 'ரெஸ்பெக்ட்' பாட்டின் இரு வடிவங்கள். ரெட்டிங் 1965-ல் எழுதிப் பாடியது, வேலை முடிந்து வீடு திரும்பும் ஆண்மகனின் கோரிக்கை. அரீதா ஃபிராங்க்ளின் 1967 பிப்ரவரி 14-ஆம் தேதி நியூயார்க்கில் பதிந்தது, தங்கை, தமக்கையரின் பின்பாட்டோடு, அதையே பெண்ணின் கட்டளையாகத் திருப்பிவிட்டது. எது சிறந்தது என்று கேட்டால் மாலைப் பொழுது பாழாகும். எது எதை மாற்றிற்று என்று கேட்டால் விடியும்வரை பேசலாம். வில்ஸன் பிக்கெட்டின் 'இன் தி மிட்நைட் அவர்' 1965-ல் ஸ்டாக்ஸ் அறையில் பதிவானபோது, அட்லாண்டிக் கம்பெனியின் ஜெர்ரி வெக்ஸ்லர், அந்நாளில் இளைஞரிடையே பரவியிருந்த ஒரு நடனத்தை வாத்தியக்காரர் முன் தாமே ஆடிக் காட்டி, இரண்டாம் அடியும் நான்காம் அடியும் அழுந்த வேண்டும் என்று விளக்கினாராம். ஜாக்ஸனும் க்ராப்பரும் அவ்வடிகளை மயிரிழை பிந்தி விழச் செய்தனர். அந்தப் பிந்தல் பிறகு மெம்பிஸின் கையொப்பமே ஆயிற்று. இத்தட்டு அங்கே பதிவாயினும் அட்லாண்டிக் முத்திரையில்தான் தேட வேண்டும்; ஸாம், டேவ் இருவரோ, அட்லாண்டிக்கின் பாடகர்களாயினும் ஸ்டாக்ஸ் முத்திரையில் கிடைப்பார்கள்.

வாத்தியக்காரர் யார் என்ற ஆராய்ச்சியும் உரையாடலுக்கு உரியதே. நடுச்சீட்டில் பாடகரும் பாட்டாசிரியரும் இருப்பார்கள், வாசித்தவர் இருக்கமாட்டார். மோடவுன் பாட்டுகளுக்கு உயிர்நாடியாக இருந்த பேஸ் வித்வான் ஜேம்ஸ் ஜேமர்ஸன் முதலானோர் பெயர் அக்கம்பெனியின் உறையில் அச்சேற, 1971-ல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஸ்டாக்ஸுக்கு வேறொரு அநியாயம் நேர்ந்தது. 1967 டிசம்பர் 10-ஆம் தேதி விமான விபத்தில் ரெட்டிங் மாண்டார். சில நாட்களுக்கு முன் அவர் பதிந்திருந்த 'டாக் ஆஃப் தி பே' 1968-ல் நாட்டின் முதற்பாட்டாக உயர்ந்தது. இதற்கிடையில் அட்லாண்டிக் கைமாறியிருந்தது. ஸ்டூவர்ட் அப்போதுதான் பழைய ஒப்பந்தத்தை நன்றாகப் படித்துப் பார்த்தார்: அதுவரை விநியோகித்த தட்டுகளின் மூலப்பதிவு யாவும் அட்லாண்டிக்குக்கே சொந்தம் என்று அதில் கண்டிருந்தது. மறுபதிப்பு வாங்குகிறவர் இதை நினைவில் வைக்க வேண்டும். 1968-க்கு முந்திய பாட்டுகள் ஒரு கம்பெனியின் வெளியீடாகவும், பிந்தியவை வேறொன்றின் வெளியீடாகவும் வருவது இதனால்தான். முந்திய காலத்துச் சிறு தட்டுகள் அனைத்தையும் ஒன்பது குறுந்தகடுகளில் தொகுத்து 1991-ல் வெளியிட்டிருக்கிறார்கள். தட்டுக்குச் செலவிட இயலாதவர் அதை வைத்துக்கொண்டே இந்த அத்தியாயம் முழுவதையும் பயிலலாம், அதில் குறைவு ஒன்றும் இல்லை.

தட்டாகவே வாங்க விரும்புவோர் 'கிரீன் ஆனியன்ஸ்', 'டிரை எ லிட்டில் டெண்டர்னஸ்', 'டாக் ஆஃப் தி பே' ஆகிய மூன்றில் தொடங்குக. ஏராளமாக விற்ற தட்டுகளாதலால் இவை இன்றும் கிடைக்கும், விலையும் பயமுறுத்தாது. ஒரு குறிப்புப் புத்தகம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எண், ஆலைக்குறி, வாங்கிய இடம், நிலை, நண்பர்கள் சொன்ன அபிப்பிராயம் ஆகியவற்றை அன்றன்றே எழுதிவிடுக. அடுத்த அத்தியாயம் டெட்ராயிட்டைப் பற்றியது. அதற்குள் இம்மூன்றையும் வாசகர் நன்றாகக் கேட்டிருந்தால், அங்கே பேசப்போகிற வேற்றுமைகள் விளங்குவதற்கு எளிதாயிருக்கும்.